கப்போரலின் பேன்

பெண் பிறந்தால் ஓர் ஆமைக்குஞ்சு. லா டீக் தீவில் வில்ஃப்ரிட் குடும்பத்து வழக்கம் அது. முன்னெல்லாம் அந்த ஆமையை அவள் கல்யாணத்தன்று வெட்டிக் குழம்பு வைப்பார்கள். நல்லவேளை, அந்தக் கண்றாவி ஒழிந்தது. இப்போது ஆமை பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போகிறது. அதை விட்டுவிட்டு ஒருத்தி போனால் தீர்ந்தது, திரும்பி வருவதற்குத்தான் இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்று ஊர் மென்று தின்றுவிடும்.

வில்ஃப்ரிட்டின் மகள் ஜினெட்டுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை கடல் தாண்டிப் பிராலன் தீவில். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா எர்னஸ்டீன் ஆமையைப் பார்க்க வருவதாக இருந்தது. அந்த அம்மாள் வீட்டு முற்றத்தில் காய்ந்த இலை விழுந்தாலே விளக்குமாறு எடுப்பவர்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆமைப் பட்டியில் பூச்சி கிளம்பியது. ஜினெட்டின் ஆமை கப்போரல் படுப்பதற்காகப் பரப்பியிருந்த தேங்காய் நாரைக் கிளறினால், கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் பூச்சிகள் துள்ளின. பேன்தான் என்று பயந்துபோன வில்ஃப்ரிட், சைக்கிள் பழுது பார்க்கும் கடையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு பிடி நாரை டப்பாவில் அடைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இது பேனும் இல்லை, உண்ணியும் இல்லை. ஈரத்தில் பூக்கிற பூஞ்சையைத் தின்கிற சாதுப் பூச்சி. ஆமையைத் தொடவே தொடாது. பட்டியைக் காயவிட்டால் தானே போய்விடும் என்றார்.

வில்ஃப்ரிட் பழைய நாரை அள்ளிக் கொட்டினார், மண்ணை வெயிலுக்குக் கிளறிவிட்டார், புது நார் பரப்பினார். இரண்டு நாளில் மறுபடி பூச்சி. திரும்பவும் அள்ளினார். திரும்பவும் பூச்சி. பக்கத்து வீட்டு பெர்னதெத்தின் வாழைக்குழியிலிருந்துதான் வருகிறது என்று வேலியோரம் நின்று அவளை ஒரு பாட்டம் திட்டியும் பார்த்தார். பாவம் அவள்.

சனிக்கிழமை திருகு சாவியை மறந்துவிட்டுப் பாதி வழியில் வீடு திரும்பியவர், பட்டிக்குள் ஜினெட்டைப் பார்த்தார். பூவாளியால் நாரை நனைத்துக்கொண்டிருந்தாள். நாருக்கடியில் அழுகின சீமைப்பலாத் தோலைச் செருகியிருந்தாள்.

"என்னம்மா இது?"

ஜினெட் பூவாளியைக் கீழே வைத்தாள். "அந்தம்மா பூச்சியப் பாத்தா வேண்டாம்னுடுவாங்கப்பா. அவங்க வாயாலயே வேண்டாம்னா ஊரு என்னை ஒண்ணும் சொல்லாது."

"உனக்குன்னு வளந்தது. கூட்டிட்டுப் போறதுக்கு என்ன கேடு?"

"நானும் போயி, கப்போரலும் போயிட்டா காலையில நீ யார்கூடப் பேசுவே?"

மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து முதல் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வில்ஃப்ரிட் கப்போரலோடு பேசுவது உண்மைதான். மகளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார், அப்பாவி மனுஷன். தன் ஒருத்தனுக்காக அவள் பேர் கெடுவதா என்று அதட்டி, அவளை உள்ளே அனுப்பினார். பிறகு மாலைவரை மாங்கு மாங்கென்று ஈர நாரையெல்லாம் வாரி எடுத்தார். அழுகையும் வந்தது, வேலையும் நடந்தது.

ஞாயிறு மதியம் படகிலிருந்து இறங்கிய எர்னஸ்டீன் சாப்பாட்டைக்கூடப் பார்க்காமல் நேரே பட்டிக்கு நடந்தார். பட்டி பளிச்சென்று இருந்தது. ஜினெட்டின் முகம் தொங்கிப்போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம் பெர்னதெத் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மாள் கையிலிருந்த குடையின் நுனியால் அங்கே இங்கே குத்திப் பார்த்தார். மூலையில் தப்பிக் கிடந்த ஒரு கொத்து நார் புரண்டது. நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் துள்ளின.

"என்ன சம்பந்தி இது? பேனா?"

இல்லை என்று சொல்ல வில்ஃப்ரிட் வாயைத் திறந்தார். டாக்டர் சொன்னதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஜினெட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேன்தாங்க," என்றார், வேலிக்கு அப்பாலும் கேட்கிற குரலில். "பரம்பரைப் பேன். எந்த மருந்துக்கும் மசியாது. இதோட பாட்டனுக்கும் இருந்துச்சு."

எர்னஸ்டீன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். "ஐயோ, எங்க வீட்டு முத்தத்துக்கு இது ஆகாது. பொண்ணு மட்டும் வந்தாப் போதும். ஆமை இங்கயே கெடக்கட்டும்."

பெர்னதெத் வீட்டுக்குள் ஓடினாள். சாயங்காலத்துக்குள் செய்தி படகுத்துறைவரை போய்விடும்.

சம்பந்தியம்மாள் கொல்லையில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது ஜினெட் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாய் கூசாமப் பொய் சொல்றியேப்பா."

வில்ஃப்ரிட் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பின்னே, காலையில நான் யார்கூடம்மா பேசுவேன்?"