கால்வட்டத் தொலைவு

கீழ்வானம் வெளுத்து முகில்களின் ஓரங்கள் மெல்லப் பொன்னிறம் கொள்ள, ஆற்றின் இருகரையும் தழுவிக் கிடந்த அந்நகரம், உறக்கம் கலைந்தும் எழ மனமின்றிப் புரண்டு படுப்பவர்போலப் பனிக்குள் கிடந்தது. பாலத்தின்மேல் முதல் வண்டிகள் உருள, ஆலைகளின் புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூச்சுவிட, கடைகளின் மடக்குக் கதவுகள் பேரோசையோடு மேலேற, செங்கல் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் குறுந்தெரு ஒன்றின் கோடியில், பின்கட்டுப் பட்டறையின் பலகணி மட்டும் அதற்குமுன்பே விளக்கொளியோடு விழித்திருந்தது. நயமறிந்து படிப்பவரே, ஊரின் பெருமைகளை வேறொரு நாள் பேசிக்கொள்வோம். இன்று நமக்கு வேலை அந்தப் பட்டறையில்தான்.

அங்கே, மேசைமேல் விரித்த பழந்துணியில், நான்கு சக்கரங்களும் மேல்நோக்க மல்லாந்து கிடந்தது ஒரு சின்னஞ்சிறு நீராவி வண்டி. முழங்கை நீளமே உள்ளதாயினும் அது வெறும் பொம்மையன்று. செம்பாலான கொதிகலமும், அதன் அடியில் எரியும் சுடரும், ஆவியின் உந்துதலால் இருமருங்கும் முன்னும் பின்னுமாய் அசையும் தண்டுகளும் உடையதாய், மெய்யான நீரைக் குடித்து மெய்யான ஆவியை உமிழ்ந்து, தோட்டத்தைச் சுற்றிப் பதித்த தண்டவாளத்தில் தானே ஓடுவது அது. அதைச் செய்தவர் அவ்வீட்டுத் தலைவர். நிலப்படம் வரைவதைத் தொழிலாகக் கொண்டு, மயிரிழை பிசகாத கோடுகளுக்குப் பெயர்பெற்றிருந்த அவ்வரைவாளரின் வலக்கையை நரம்புநோயொன்று பற்றி நடுங்கச் செய்ததும், அவர் வரைகோலைக் கீழே வைத்தார். அண்மையில் ஒருநாள் வண்டியை ஓட்டுகையில், ஆவித்திருகைத் திறந்த விரல்கள் துள்ளிவிட, ஆவி பீறிட்டுப் பாய, பசையால் ஒட்டியிருந்த வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் பிடிப்பற்று அச்சின்மேல் தம் போக்கில் சுழன்றன. தம் கையே வண்டியைக் கெடுத்ததென்று முடிவுகட்டிய அவர், பட்டறையைப் பூட்டி, வண்டியை நகர அருங்காட்சிமனைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியும் அனுப்பிவிட்டார். அம்மனையின் பொறுப்பாளர் அன்று மாலை கண்ணாடிப் பேழையோடு வருவதாக ஏற்பாடு.

அதற்கு மனைவி உடன்படவில்லை. செயற்கைப் பற்கள் கட்டுவதில் தேர்ந்தவளாதலின், தெருவார் அவளுக்கு இட்ட பெயர் பல்லழகி. ஊரிலுள்ள பொக்கை வாய்களுக்கெல்லாம் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தவளுக்குத் தன் வீட்டு வாயொன்று பல திங்களாய்ச் சிரிக்காமலிருப்பது மானக்கேடாகவே பட்டது. வண்டி பேழைக்குள் போனால் கணவரும் கூடவே போய் உள்ளே உட்கார்ந்துகொள்வார் என்பதே அவளுடைய உண்மையான அச்சம். ஆகவே விடியுமுன் சாவியைத் தேடியெடுத்துப் பட்டறையைத் திறந்துவிட்டாள். ஒட்டுவதும் பொருத்துவதும் அவளுக்குப் பழகிய வேலை. தன்னால் முடியுமா என்ற கேள்வி அவள் மனத்தில் எழவேயில்லை.

கழன்ற சக்கரத்தை உருவியெடுத்து அதன் நடுத்துளையை ஒளியில் சாய்த்துப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டு, முன்னறையை நோக்கிக் குரல் கொடுத்தாள்.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க.”

“அதைத் தொடாதேன்னு சொன்னேன்ல?”

“தொட்டாச்சு. கழட்டியும் ஆச்சு. திட்டணும்னா இங்க வந்து திட்டுங்க.”

அவர் அசையவில்லை. சக்கரத்தோடு இவளே போய் அவர்முன் நீட்டினாள். “பழைய பசைக்கு அடியில என்ன மினுங்குது பாருங்க. எண்ணெய். ஈரம் பட்டா பல்லே ஒட்டாது, எண்ணெய் மேல இரும்பு ஒட்டுமா? இது உங்க கை நடுங்கினதால கழன்றது இல்லங்க. கை நல்லா இருந்தப்பவே துடைக்காம விட்டதால கழன்றது.”

ஆறுதலென்று எண்ணித்தான் அவள் அதைச் சொன்னாள். ஆனால் பிழையற்றவர் என்று பெயரெடுத்தவருக்கு, எஞ்சியிருந்த அந்தப் பெயரையும் பறிப்பதுபோலாயிற்று அச்சொல்.

“அப்போ நான் நல்லா இருந்தப்பவும் ஒழுங்கா செய்யலைங்கற?” என்று கேட்டுவிட்டு, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது, ஆயினும் பட்டறைக்கே திரும்பினாள். துளையையும் அச்சையும் எண்ணெய்ப்பசை அறவே நீங்கத் துடைத்து, உலர்த்தி, புதுப்பசை தடவி, சக்கரங்களை ஏற்றினாள். ஒவ்வொரு சக்கரத்தின் முகத்திலும் தண்டு மாட்டுவதற்கென ஒரு முளை உண்டு. இடப்பக்க முளைகள் எங்கு நின்றனவோ, அவற்றுக்கு நேர்நேராகவே வலப்பக்க முளைகளையும் நிறுத்தினாள். வாயின் இருபுறமும் ஒன்றையொன்று ஒத்திருக்க வேண்டும் என்பது அவள் தொழிலின் முதல் பாடமல்லவா? பசை இறுகுமட்டும் பொறுக்க மாட்டாமல், ஓரளவு பிடித்ததுமே தண்டுகளை மாட்டி, வண்டியைத் தோட்டத்துத் தண்டவாளத்தில் ஏற்றி, நீரூற்றிச் சுடரேற்றிவிட்டாள்.

கொதிகலம் முனகியது, பிறகு பாடியது. அந்தப் பாட்டு முன்னறை வரை போயிருக்க வேண்டும். நிலைப்படியில் கணவரின் நிழல் விழுந்ததைக் கடைக்கண்ணால் கண்டும் காணாதவள்போல், அவள் ஆவியைத் திறந்தாள். வண்டி சீறியது, நகரவில்லை. விரலால் தள்ளினாள். தத்தித் தாவி அரைச்சுற்று உருண்டு, முறைத்துக்கொண்டு நிற்கும் மாட்டைப்போல் மறுபடியும் நின்றது. அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள், சுடரைப் பார்த்தாள், ஒன்றும் விளங்கவில்லை. அப்போது அவள் பின்னால் எழுந்த ஓசையை முதலில் இருமல் என்றே நினைத்தாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“பல்லு செட்டு மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா வச்சிருக்கியே!”

“அழகா இருக்குன்னு நினைச்சேன்.”

“அழகாத்தான் இருக்கு. ஓடாது.” அவர் பக்கத்தில் வந்து குந்தினார். “தண்டு ஒரு கோடிக்குப் போய் முட்டற இடத்துல ஆவிக்கு வலுவே கிடையாது. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அங்க போய் நின்னா, யாரு தள்ளுவா? ஒரு பக்கத்து முளைக்கு மறுபக்கத்து முளை கால்வட்டம் முன்னாடி இருக்கணும். இது ஓயறப்ப அது இழுக்கும், அது ஓயறப்ப இது இழுக்கும்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கரத்தைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அவள் காதில் அது சக்கரத்தோடு நிற்கவில்லை.

“சரி, கழட்டணும்ல? எப்படிக் கழட்டறது?” என்றாள் அவள்.

“சூடு காட்டு, விட்டுக்கொடுக்கும்.”

பல் கட்டும் அறையிலிருந்து அவளுடைய சிறுசுடர் விளக்கு வந்தது. பசை இளக, சக்கரங்கள் கழன்றன. மறுபடியும் துடைப்பு, மறுபடியும் பூச்சு. இம்முறை துளையைத் தாமே ஒளியில் சாய்த்து எண்ணெய் இல்லையென்று பார்த்தார் அவர். இடப்பக்க முளை உச்சியில் நிற்க, வலப்பக்க முளை முன்னோக்கிக் கிடையாய் நிற்கும்படி அவள் மூலைமட்டத்தை வைத்துப் பிடிக்க, அவர் தம் நடுங்கும் கையை மேசைமேல் அதன் போக்கில் நடுங்க விட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் அளந்தார். கைக்கு வந்த நோய் கண்ணுக்கு வரவில்லை. “இன்னும் ஒரு மயிரிழை... கொஞ்சம் பின்னாடி... அவ்வளவுதான், விடாதே.” அவள் விடவில்லை.

மாலை வந்தது, பேழையோடு பொறுப்பாளரும் வந்தார். வண்டியோ வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அந்தப் பசை இறுக ஓரிரவாவது வேண்டும். நிலைமையைக் கேட்டறிந்த பொறுப்பாளர் பெருந்தன்மையோடு கையசைத்தார்.

“ஓடாட்டி என்னங்கய்யா? கண்ணாடிக்குள்ள நிக்கப்போறதுதானே. சக்கரம் சும்மா ஒட்டிக்கிட்டு இருந்தா போதும்.”

எதற்கும் மறுமொழி வைத்திருக்கும் பல்லழகி, அன்று கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கொடுப்பதாகச் சொன்னவர் அவர். இனிச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். வரைவாளர் வண்டியைப் பார்த்தார், பேழையைப் பார்த்தார், மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்த தம் கையையும் பார்த்தார்.

“பசை காயுது. யாரும் தொடக்கூடாது. காலையில வாங்க, நாங்க ஓட்டிக் காட்டறோம்.”

“அப்புறம் எடுத்துக்கலாம்ல?”

“அதை வண்டியைத்தான் கேக்கணும். நின்னா, தூக்கிக்கோங்க.”

மறுநாள் காலை, பனி நீங்காத தோட்டத்தில் கொதிகலம் பாடத் தொடங்கியபோது, அவள் தண்டவாளத்தருகே குந்தியிருந்தாளேயன்றித் திருகைத் தொடவில்லை. அவருடைய விரல்கள்தாம் அதைத் திறந்தன, நடுங்கிக்கொண்டே திறந்தன. ஆவி விட்டுவிட்டுப் பாய்ந்தது. சக்கரங்கள் பிடிப்பு விடவில்லை. யாரும் தள்ளாமல், நின்ற இடத்திலிருந்து வண்டி தானாகவே நகர்ந்து, செடிகளைச் சுற்றி, சுவரோரம் வளைந்து, அவர்கள் காலடிக்கே திரும்பி வந்து, நில்லாமல் மீண்டும் போயிற்று. நீர் குறையும்போது அவள் ஊற்றினாள். சுடர் தாழும்போது அவர் ஏற்றினார். வண்டி நிற்கட்டுமென்று காத்திருந்த பொறுப்பாளர், கால் கடுத்துப்போய்த் தம் பேழையின் மரச்சட்டத்தின்மேலேயே உட்கார்ந்தார். வெயில் ஏறியதும், சிரித்துக்கொண்டே பேழையை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்.

அந்தக் கை பிறகும் நடுங்கிற்று; நாளாக ஆக, முன்னிலும் மிகுதியாகவே நடுங்கிற்று. ஓயாத கை உலகில் எங்கும் இல்லை, படிப்பவரே. ஒருவர் ஓயும் நொடியில் மற்றவர் ஓயாதிருப்பதற்கே அந்தக் கால்வட்டத் தொலைவு இருக்கிறது. அது பிசகாதவரை, அச்சிறு வண்டி அத்தோட்டத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.