மதுவின் படித்துறை

ராக் பாடகன் மது இறந்து ஒரு வருஷமாகிவிட்டது. 2003 மகாளய அமாவாசையன்று, அவன் புழங்கிய இடங்களைச் சுற்றிக்காட்ட வங்காளத்து ஜாதவ்பூர் யுனிவர்சிட்டி மாணவர்கள் ஒரு மினிபஸ் பிடித்திருந்தார்கள். ஜீன்ஸ் கூட்டத்துக்கு நடுவே, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர் ஏறி உட்கார்ந்தார். யாரென்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெற்ற தகப்பன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சுந்தரேசன் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். கோபம் வந்தால் கண் மண் தெரியாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பரீட்சை எழுதாமல் கிடாரும் கையுமாகத் திரிந்த பிள்ளையை வாசலில் நிறுத்திவைத்து, அவன் கண்ணெதிரே குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டார்.

"உன்னைத் தலைமுழுகியாச்சு. போ."

போனவன் போனவன்தான். பாவி மனுஷர், ஒரு தடவை போய்க் கூப்பிட்டிருக்கலாம். வீம்பு விட்டால்தானே.

இப்போது அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் எப்போதாவது, யாரிடமாவது, அவன் 'அப்பா' என்று சொன்னானா? திட்டியிருந்தாலும் போதும். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் எள்ளும் வைத்திருந்தார். கடைசியில் ஆற்றங்கரைக்குப் போகிறார்களாம், பிள்ளைக்கு அங்கேயே இறைத்துவிடலாம் என்று.

அவன் கடன் சொல்லிக் குடித்த டீக்கடையைக் காட்டினார்கள். குடியிருந்த மொட்டைமாடி அறையைக் காட்டினார்கள். அவன் கிழித்துப்போட்ட பாட்டுத்தாளுக்குக்கூடக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். அப்பா பேச்சு மட்டும் எங்கேயும் இல்லை.

கடைசியாக கார்டன் ரீச் படித்துறை. படியெல்லாம் தர்ப்பணக் கூட்டம். கூட்டிக்கொண்டு வந்த பெண் தாரா, அவருடைய விபூதியைப் பார்த்து வங்காளம் கலந்த தமிழுக்கு மாறினாள். மதுவுக்கு அண்ணன் முறையில் ஒரு 'தா', அவருக்குச் சித்தப்பா முறையில் ஒரு 'காக்கு'.

"காக்கு, இது ரொம்ப ஸ்பெஷல் ஜாகா. மது-தா ஒவ்வொரு மகாளயாவுக்கும் இங்கதான் வருவார். அப்பாக்கு தர்ப்பண் பண்ண."

"யாரோட அப்பாவுக்கு?"

"அவரோட அப்பாக்குத்தான். சின்ன வயசுலயே போயிட்டாராம். மது-தா எட்டு வருஷமும் மிஸ் பண்ணல. ஃபீவரோடகூட வந்தார். எவ்ளோ பாசம் பாருங்க."

சுந்தரேசன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டு வருஷம். இதே கார்டன் ரீச்சில் அவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து ஃபைல் பார்த்துக்கொண்டிருந்த எட்டு வருஷம். அப்பா என்று சொல்லத்தான் சொல்லியிருக்கிறான்.

"இந்த வருஷம் மது-தா இல்ல. அதனால நாங்களே பண்ணலாம்னு புரோகிதரை வரச்சொல்லியிருக்கோம். அவர் அப்பா பேர்தான் யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுமா காக்கு?"

அவர் படியில் கையை ஊன்றி எழுந்தார்.

"சுந்தரேசன். பாரத்வாஜ கோத்ரம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே ஆபீஸ்மா."

எள் கொண்டுவர மறந்துவிட்டோமே என்று தாரா கையைப் பிசைந்தாள். அவர் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

வங்காளப் புரோகிதர் சொல்லச் சொல்ல, அவள் முழங்கால் தண்ணீரில் நின்று சுந்தரேசன் என்ற பெயரைச் சொல்லி மூன்று தரம் இறைத்தாள். சுந்தரேசன் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மதுவுக்கு இறைக்க ஒரு பொட்டு எள் மிச்சமில்லை.