ஒரே ஃபோல்டரில் முப்பத்தாறு பாடம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். என்ன நடந்தது என்பதில் குழப்பம் இல்லை. எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் அந்த வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. தம்பி "நாலரை" என்று சொன்னது டிவிடிகள் மொட்டை மாடிக்குப் போவதற்கு முன்பா, போன பிறகா? போன பிறகு என்றால் கோபம் முழுவதும் தம்பிக்கே சேரும். முன்பு என்றால் அதில் ஒரு பங்கை டீச்சர் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் முன்பு என்றே வைத்துக்கொள்கிறேன்.

டீச்சர் இருபத்தாறு வருஷம் வடிவியல் நடத்தியவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சர். தம்பி ஒருவனுக்குத்தான் அக்கா. சில வருஷங்களுக்கு முன்னால் பள்ளிக் கட்டடத்தை இடித்துக் கட்டியபோது, வீட்டின் முன்னறையில் கரும்பலகையை நிறுத்தி, கேமராவுக்கு முன்னால் நின்று முப்பத்தாறு பாடம் நடத்தினார். டிவியோடு இணைக்கும் ரெக்கார்டரில் பாடத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு டிவிடி. அதன் பிறகு தொண்டையில் கட்டி வந்தது. டாக்டர்கள் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துவிட்டார். குரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"குரல் இல்லாம வகுப்பு எப்படி எடுப்பீங்க டீச்சர்?"

டீச்சர் நோட்டில் எழுதிக் காட்டினார். முப்பத்தாறு பாடம் இருக்கிறது. திரையில் நான் பேசுவேன். பலகையில் நான் எழுதுவேன்.

"அப்படின்னா சரி. பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டிடுங்க. மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்ல."

அதனால் அந்த முப்பத்தாறும் டீச்சருக்கு வேலையும் ஆயிற்று, குரலும் ஆயிற்று.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே டிவிடிகளைத் தம்பியிடம் கொடுத்திருந்தார். பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவன். சொந்தக்காரர்கள் யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் வைத்தியம் அவன்தான். டிவிடியில் இருப்பதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, பிறகு பாடத்துக்கு ஒரு வீடியோவாக ஒட்ட வேண்டும். இதற்கு டீச்சர் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். எல்லா டிவிடிக்கும் உள்ளே ஒரே பெயர்தான். ரெக்கார்டர் அப்படித்தான் வைக்கும். ஒவ்வொரு பாடமும் உள்ளே நாலைந்து ஃபைலாக இருக்கும், அவற்றுக்கும் அதே பெயர்கள்தான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், பாடம் 01, பாடம் 02 என்று கையால் பெயர் கொடு. ஒன்று முடிந்ததும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடு. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டீச்சர் தம்பி வீட்டுக்குப் போய் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தார்.

ஒரே ஒரு ஃபோல்டர். பெயர் 'அக்கா'. அதற்குள் ஒரு வீடியோ.

ஓடவிட்டார். திரையில் அவரே, நீலப் புடவையில், கையில் சாக்பீஸோடு. முப்பத்தாறாம் பாடம், வருஷக் கடைசித் திருப்புதல். அந்தக் குரலைக் கேட்டு ஆறு வாரம் ஆகியிருந்தது. டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் இருந்தவர் "இதுவரைக்கும் புரிஞ்சவங்க தலையாட்டாதீங்க, புரியாதவங்க கையைத் தூக்குங்க" என்று பாடத்தை முடித்ததும் மஞ்சள் புடவைக்கு மாறினார். பலகையில் முக்கோணம் இருந்த இடத்தில் உருளை. அது முப்பத்தைந்தாம் பாடத்தின் பின்பாதி. கொஞ்ச நேரம் போனதும் கட்டம் போட்ட புடவை, இருபத்தெட்டாம் பாடத்தின் வால். அதோடு சரி. மற்ற முப்பத்துமூன்றும் இல்லை.

டீச்சர் மேசையை ஓங்கித் தட்டினார். பக்கத்து அறையிலிருந்து தம்பி சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்னக்கா, உன்னையே பார்த்து பயந்துட்டியா?"

டீச்சர் நோட்டை இழுத்து எழுதினார். மற்றதெல்லாம் எங்கே?

"எல்லாம் அதுலயேதான்கா இருக்கு. முப்பத்தாறு தடவை போட்டேன், முப்பத்தாறு தடவையும் 'முடிந்தது'ன்னு வந்துச்சு. என் கையாலதான் போட்டேன்."

ஓடவிட்டுப் பார்த்தாயா?

"ஒவ்வொண்ணும் ரெண்டு மணி நேரம் ஓடுதுக்கா. நான் என்ன வடிவியலா படிக்கப் போறேன்?"

டீச்சர் திரையைக் காட்டினார். ஃபோல்டரைக் காட்டினார். தம்பி குனிந்து, மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டுகிற தோரணையில் தானாகவே விளக்க ஆரம்பித்தான்.

"இங்க பாரு. 'ஒவ்வொரு டிவிடிக்கும் தனி ஃபோல்டர்'னு ஒரு டிக் இருந்துச்சு. அதை எடுத்துட்டேன். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர், அதுக்குள்ள இன்னொரு ஃபோல்டர், தேடறவனுக்குத் தலை சுத்தும். ரெண்டாவது டிவிடி போடும்போது 'இதே பேர்ல ஃபைல் இருக்கு, மேல எழுதவா'ன்னு கேட்டுச்சு. சரின்னு சொல்லி, இனிமே கேக்காதேன்னும்..."

அங்கே நின்றான். சொல்லச் சொல்லத்தான் அவனுக்கே விளங்கியது. ஒவ்வொரு பாடமும் முந்தைய பாடத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பின்னால் வந்தது சின்னதாக இருந்த இடத்தில் மட்டும் முன்னதன் மிச்சம் தப்பியிருக்கிறது. அதையெல்லாம் ஒரே பாடம் என்று நினைத்து மென்பொருள் ஒட்டித் தைத்துவிட்டது.

டீச்சர் எழுத ஆரம்பித்தார். பேசுகிறவருக்கு வாயைத் திறந்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும். எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கை நிற்க வேண்டும், அது நிற்கிற நேரத்தில் கோபம் இன்னும் இரண்டு படி ஏறிக்கொள்ளும். பேனா முனை தாளைக் கிழித்தது. அடுத்த பக்கத்தில் மறுபடி எழுதினார். அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவன் கண்ணால் படித்துவிட்டுத் தலையைக் குனிந்தான். டீச்சர் விடவில்லை. விரலால் அவன் வாயைக் காட்டினார். வாசி.

"அக்கா, என் பொண்டாட்டி சமையல்கட்டுல இருக்கா. அவ காதுல விழும்."

அதற்குத்தான் என்பதுபோல் நோட்டை இன்னும் கிட்டே நீட்டினார்.

தம்பி வாசித்தான். "நான் எழுதிக் கொடுத்த தாளைப் படிக்கவே இல்லை. உனக்கு எல்லாம் தெரியும். உனக்குத் தெரியாதது என்ன என்பது மட்டும் உனக்குத் தெரியாது. நீ..." நிறுத்தினான்.

டீச்சர் மேசையைத் தட்டினார்.

"...நீ ஒரு கழுதை."

சமையல்கட்டில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள்.

"யாரை யாரு திட்டறது?"

"என்னை நான்தான் திட்டிக்கறேன்," என்றான் தம்பி. அப்போதும் சிரிக்கப் பார்த்தான். பிறகு அவனே சமாதானம் சொன்னான். "விடுக்கா. டிவிடி இருக்குல்ல? ரெண்டே நாள், திரும்பப் போட்டுத் தரேன். இந்தத் தடவை உன் தாள்ல இருக்கறபடியே."

டீச்சர் கையை நீட்டினார். கொடு.

தம்பி மனைவியைப் பார்த்தான். மனைவி அவனைப் பார்த்தாள்.

"நீங்கதானே வேலை முடிஞ்சுது, இனி இது வேஸ்ட்டுன்னு சொன்னீங்க?" என்றாள் அவள், கணவனிடம் மெதுவாக. பிறகு டீச்சர் பக்கம் திரும்பினாள். "அண்ணி, நான் இவரைக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

மாடிப்படி பதினெட்டு. டீச்சர் நடுவில் எங்கும் நிற்கவில்லை. மேலே தொட்டிகளில் தக்காளிச் செடிகள். புறாக்கள் வந்து கொத்துகின்றன என்று கம்பிக்குக் கம்பி நூல் கட்டி, அதில் முப்பத்தாறு டிவிடிகளையும் நடு ஓட்டையில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள் தம்பி மனைவி. மூன்று வாரமாக. நடுவில் இரண்டு மழை. காற்றில் அவை சுற்றிச் சுற்றி டீச்சரின் முகத்தில் வெயிலை அடித்தன. டீச்சர் கைப்பட எழுதிய எண்கள் வெளுத்துப் போயிருந்தன. கைப்பிடிச் சுவரில் நான்கு புறாக்கள் எந்தப் பயமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

டீச்சர் வாயைத் திறந்து கத்தினார். மூச்சுக்காக ஆபரேஷனில் வைத்த கழுத்துத் துளையிலிருந்து காற்று மட்டும் வந்தது. புறாக்கள் அசையவில்லை. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்துச் சுவரில் எறிந்தார். அப்போதுதான் அவை பறந்தன.

"அண்ணி, அண்ணி," என்று தம்பி மனைவி அழுதாள். "எனக்கு இது உங்க குரல்னு தெரியாது அண்ணி. சத்தியமா, ஏதோ பளபளன்னு இருக்கேன்னு..."

தம்பி கத்தரிக்கோலோடு மேலே வந்தான். டீச்சர் அதைப் பிடுங்கி அவன் மனைவி கையில் கொடுத்தார். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று மாலையும் அதற்கடுத்த ஐந்து நாளும் இரண்டு பெண்களும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு டிவிடியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தாள் தம்பி மனைவி. நான்கு டிவிடிகள் கழற்றும்போதே விரிசல் விட்டிருந்தன. முன்வரிசையில் முழு வெயிலில் தொங்கியவை எதுவும் ஓடவில்லை. டிரைவ் உறுமி உறுமிப் பார்த்துவிட்டு வெளியே தள்ளியது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தொங்கியவை மட்டும் பிழைத்தன. எண் அழிந்துவிட்டதால் எது எந்தப் பாடம் என்று தெரியாது. டீச்சர் புடவையைப் பார்த்தே எழுதிக் காட்டினார். பச்சை என்றால் ஒன்பது. கரை கிழிந்த வெள்ளை என்றால் பதினேழு. தம்பி மனைவி ஃபோல்டருக்குப் பெயர் கொடுத்து, அதில் இறக்கி, ஓடவிட்டுப் பார்த்து, பிறகுதான் அடுத்ததை எடுத்தாள். நோட்டில் ஒவ்வொன்றின் அளவையும் எழுதினாள். பாடம் 09, 3.8 ஜிபி. பாடம் 17, 4.1 ஜிபி.

தம்பி கதவருகே வந்து வந்து போனான். ஐந்தாம் நாள் உள்ளே வந்தே விட்டான். ஐந்து நாளாகத் தன்னைத் திரும்பியும் பார்க்காத கோபம் அவனுக்கும் இருந்தது.

"எல்லாத்தையும் என் தலையிலயே கட்டுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து நீ நேரா இங்க வந்து இறங்கின அன்னிக்கே சொன்னேனாக்கா, இல்லையா? முப்பத்தாறும் சேர்ந்து நாலரை ஜிபிதான்கா, எவ்வளவு கச்சிதமா வந்திருக்கு பாருன்னு சொன்னேன். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினே."

"டிவிடி நான் மாடிக்கு எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம்தான் சொன்னீங்க," என்றாள் மனைவி.

"இல்ல. முன்னாடி. நீ அப்ப சந்தைக்குப் போயிருந்தே."

டீச்சர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 3.8. 4.1. 3.9. வாசலில் ஆட்டோ வந்து நின்றது நினைவுக்கு வந்தது. கழுத்தில் கட்டு, மாத்திரை மயக்கம், தம்பி பையைத் தூக்கிக்கொண்டே ஏதோ பெருமையாகச் சொன்னது. நாலரை என்ற சொல். தன் கட்டைவிரல் மேலே போனது. அன்று மாடியில் தக்காளிச் செடிகள் மட்டும்தான் இருந்தனவா? பேனாவை எடுத்து நோட்டின் ஓரத்தில் முப்பத்தாறைப் போட்டு, நாலால் பெருக்கினார். நூற்று நாற்பத்து நான்கு. அதற்குக் கீழே நாலரை என்று எழுதினார். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விடை எழுதியிருந்தால் அன்று முழுக்க நிற்க வைத்திருப்பார்.

தாளைக் கிழித்து, தம்பியிடம் நீட்டவில்லை. தானே கசக்கினார். கோபம் தணியவில்லை. இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது அது இரண்டு பேருக்கு.

பிறகு புதிய தாளில் எழுதி அவனிடம் நீட்டினார். அவன் பழக்க தோஷத்தில் சத்தமாகவே வாசித்தான்.

"முன்பே சொன்னாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் கழுதைதான். ஆனால் நீ தாளைப் படித்திருக்க வேண்டும்."

மொத்தம் பதினொரு பாடம் தேறியது. தலைமை ஆசிரியை வந்து பார்த்தார். மூன்றைப் போட்டுக் காட்டினார்கள்.

"மீதி இருபத்தஞ்சுக்கு என்ன டீச்சர் பண்ணுவீங்க?"

டீச்சர் கரும்பலகையில் இருசமபக்க முக்கோணம் ஒன்றை வரைந்து, அதன் விளக்கத்தைப் பக்கத்தில் எழுதினார். பிறகு தம்பியைப் பார்த்து வாயைக் காட்டினார். அவன் எழுந்து நின்று, வரி வரியாக, பள்ளிப் பிள்ளை மாதிரி வாசித்தான். இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தான். டீச்சர் பலகையைத் தட்டினார். திருத்தி வாசித்தான்.

"சரி," என்றார் தலைமை ஆசிரியை. "இந்த வருஷம் பார்ப்போம்."

டீச்சர் இப்போதும் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறார். பதினொரு பாடத்தைத் திரையில் போடுகிறார். மற்றதைப் பலகையில் எழுத, பிள்ளைகள் முறை வைத்து எழுந்து வாசிக்கிறார்கள். தலைமை ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். தம்பி மனைவி ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவில் பழைய டிவிடிகளை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே ஃபோல்டருக்குப் பெயர் வைப்பது அவள் பொறுப்பு. தக்காளியைப் புறாக்கள் தின்று தீர்த்தன. தம்பி இன்றும் பிரிண்டர்தான் பார்க்கிறான். அக்காவின் ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதில்லை. இருவரும் போக்குவரத்தாகத்தான் இருக்கிறார்கள், அந்த விஷயத்தை எடுப்பதில்லை. ஓடாத இருபத்தைந்து டிவிடிகளும் டீச்சரின் அலமாரியில், உறையோடு, வரிசையாக இருக்கின்றன.