அப்பாவுக்கு நிலாவில் வேலை

டாக்டர் அம்மா வந்து உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகியும் ஜோதி டீ போட எழுந்திருக்கவில்லை. கேஸ் அடுப்பு பார்க்க வருகிறவனுக்குக்கூடக் கேட்காமலே டம்ளரை நீட்டுகிறவள் அவள். இன்றைக்கு முந்தானையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவளைப்போல சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தேவசகாயம் இரண்டு தடவை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தானே சமையலறைக்குப் போய், டீத்தூள் டப்பா எது என்று தடவிக் கண்டுபிடித்து, சர்க்கரை ஜாஸ்தியாகிப்போன ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். டாக்டர் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மகள் சௌந்தர்யா மொட்டை மாடியில் இருந்தாள். பெற்றவர்களிடம் பேசும்போது அவள் கூட இருக்கக் கூடாது என்பது தேர்வு நடத்துகிறவர்களின் விதி. தலைக்கு மேலே அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது கீழே கேட்டுக்கொண்டிருந்தது.

லடாக்கில், புல்கூட முளைக்காத ஒரு பள்ளத்தாக்கில், விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணுக்குள் பாதி புதைத்து ஒரு வீடு கட்டியிருந்தார்கள். நிலாவில் ஒருநாள் மனிதர்கள் போய்க் குடியிருக்கப்போகிற வீடு எப்படி இருக்குமோ அப்படி. அதற்குள் ஆறு பேர் ஒன்பது மாதம் இருக்க வேண்டும். அதே காற்று, அதே தண்ணீர், அதே ஆறு முகங்கள். வெளியே கால் வைப்பதென்றால் முழு உடையும் மாட்டிக்கொண்டுதான். அதில் தேறி வருகிறவர்களிலிருந்துதான் பின்னால் உண்மையான நிலாவுக்குப் போகிற ஆட்களை எடுப்பார்கள் என்று பேச்சு. சௌந்தர்யா அந்த ஆறு பேரில் ஒருத்தியாக இருக்கக் கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டாள். உடம்பைப் பார்த்தாகிவிட்டது, மனதைப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது வீடு. அதற்காகத்தான் பெங்களூரிலிருந்து இந்த மனநல மருத்துவர் காலை ரயிலில் காட்பாடி வந்து இறங்கி, சத்துவாச்சாரியில் இந்தச் சந்துக்குள் இருந்த வீட்டைத் தேடிப் பிடித்து வந்திருந்தார்.

“உங்க குடும்பத்துல யாராவது இதுக்கு முன்னாடி ரொம்ப நாள் வெளியூர்ல இருந்திருக்காங்களா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி தேவசகாயத்துக்கு வெல்லமாக இருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். அப்போது அவர்கள் ஆம்பூரில் இருந்தார்கள். அவருக்குத் தோல் பதனிடும் டேனரியில் ஃபினிஷிங் வேலை. பதப்படுத்திய தோலுக்கு நிறமேற்றுவது. கழிவுநீர் வழக்கில் டேனரிகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக் கிடந்த காலம் அது. அதே தெருவில் தோலுக்கான ரசாயனம் விற்றுக்கொண்டிருந்த சர்தார் பாஷாதான், எத்தியோப்பியாவில் புதிதாகத் தோல் தொழிற்சாலை போடுகிறார்கள், தொழில் தெரிந்த ஆள் கேட்கிறார்கள், போகிறாயா தோஸ்த் என்றார். சௌந்தர்யாவுக்கு நான்கு வயது. தூங்கிக்கொண்டிருந்தவளின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். விழித்ததும் அப்பா எங்கே என்று கேட்டவளுக்கு எத்தியோப்பியாவை எப்படிக் காட்டுவது? சாயந்திரம் வாசலில் நிறுத்திச் சோறு ஊட்டும்போது ஜோதி மேலே கையைக் காட்டி, அப்பாவுக்கு நிலாவில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டாள்.

“ஞாயித்துக்கிழம சர்ச்சு முடிஞ்சி இவங்க ரெண்டு பேரும் சர்தார் பாஷா வூட்டுக்கு வந்துடுவாங்க. அங்கதான் போன். எடுத்ததும் எம் பொண்ணு கேக்கும் பாருங்க, ப்பா, நிலாவுல உனக்கு வூடு குட்த்தாங்களா? கதவு இருக்குதா? கதவத் தொறந்தா காத்து வெளிய போய்டாதா? நானும் உடமாட்டேன். ரெண்டு கதவும்மா, ஒண்ணச் சாத்திட்டுதான் இன்னொண்ணத் தொறக்கணும்னு சொல்லுவேன். இங்க ஒரே பொடி மண்ணு, உள்ள வர்றதுக்கு முன்ன கால ஒதறிட்டுத்தான் வரணும்னு சொல்லுவேன்.” அவர் சிரித்தார். “இப்ப அதுக்கு வேலயே அதானே. நிலா வூட்டுக் கதவு. புழுதி உள்ள வராம எப்டிச் சாத்துறதுன்னுதான் இத்தினி வருஷமா ஆராய்ச்சி.”

சொல்லச் சொல்ல அந்த ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே திரும்பி வந்தன. தொழிற்சாலை வாசலில் இருந்த தொலைபேசிக் கடையில் வரிசையில் நிற்பார். நிற்கும்போதே இந்த வாரம் நிலாவில் என்ன நடந்தது என்று யோசித்து வைத்துக்கொள்வார். ஒரு வாரம் அங்கே கிணறு தோண்டினார்கள், ஐஸ் வந்தது. ஒரு வாரம் புதிதாக இரண்டு குடும்பம் குடிவந்தது. ஒரு வாரம் பள்ளிக்கூடம் கட்ட இடம் பார்த்தார்கள். வாரத்தின் மற்ற ஆறு நாளும் தோலின் நாற்றத்தில் கழித்த மனிதர், அந்தச் சில நிமிடத்தில் ஓர் ஊரையே கட்டி எழுப்பினார். ஊரே கூடிக் கேட்பதுபோல அவர் வாழ்க்கையில் வேறெதையும் சொன்னதில்லை. கேட்டது ஒரே ஒரு குழந்தைதான் என்றாலும் அப்படித்தான் இருந்தது. சௌந்தர்யா இன்று இங்கே வந்து நிற்பதற்குத் தான் போட்ட விதையே காரணம் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. அதை டாக்டர் அம்மாவிடமும் சொன்னார்.

“அவரு சொல்றது பௌர்ணமிக் கதைங்க” என்றாள் ஜோதி. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். “அமாவாச எனக்குத்தான தெரியும்.”

தேவசகாயம் திரும்பிப் பார்த்தார்.

“மாசத்துல ரெண்டு மூணு நாளு நிலா வராதில்ல. அப்பல்லாம் இவ சாப்ட மாட்டா. அப்பாவக் காணோம், அப்பாவக் காணோம்னு வாசல்லயே நிப்பா. தூங்குறாருன்னு சொல்லிப் பாத்தேன். வூட்டு வெளக்க நிறுத்திட்டாருன்னு சொன்னேன். நம்பவே இல்ல. ஒரு தபா ஜொரம் வந்து, கண்ணு சொருகி, ஆஸ்பத்திரில போட்டு வெச்சிருந்தேன். சர்தார் பாஷா சம்சாரம்தான் கூட இருந்துச்சு. இவருக்குச் சொல்லல. சொன்னா வேலய உட்டுட்டு ஓடியாந்துடுவாரு. வந்து இன்னா பண்றது? டேனரி பூட்டிக் கெடக்குது.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “பொய்யி நான் சொன்னது. நான்தான அல்லாடணும்? ஆறு வருஷம். கடசில பாத்தா எனக்கே அப்டி ஆயிப்போச்சுங்க. பொய்யின்னு தெரியும். தெரிஞ்சேதான் பாப்பேன். மேல இருட்டாக் கெடந்தா நானும் வாசல்லயே நிப்பேன்.”

தேவசகாயத்துக்கு இது எதுவும் தெரியாது. இத்தனை வருடத்தில் ஒரு சண்டையில்கூட அவள் இதை எடுத்ததில்லை. சில ஞாயிறுகளில், நாங்க நல்லாருக்கோம், நீங்க உடம்பப் பாத்துக்கங்க என்பதோடு அவள் முடித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் திரும்பி நடந்திருக்கிறார். அறைக்குப் போய் அடுத்த வாரத்துக்கு நிலாவில் ஒரு பூங்கா வைக்கலாமா என்று யோசித்திருக்கிறார். டாக்டர் அம்மா குடித்து முடித்த டம்ளரைக் கையில் எடுத்தவர், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தார்.

டாக்டர் அம்மா ஜோதியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, “உங்க மனசு ஒப்பலைன்னா சொல்லிடுங்கம்மா. வீட்ல முழு மனசா இல்லைன்னா நாங்க அனுப்பறதில்ல. உள்ள இருக்கறவங்களையும் அது பாதிக்கும். உங்க பொண்ணு மேல எந்தக் குறையும் வராது. அடுத்த ஆள் தயாரா இருக்காங்க” என்றார்.

அவ்வளவு எளிதாக இருக்கிறது என்று தேவசகாயத்துக்குத் தோன்றியது. ஜோதி ஒரு சொல் சொன்னால் போதும். மகள் இங்கேயே இருப்பாள். நாலு வருடமாக இதற்காகவே ஓடி, தள்ளிப்போட்ட கல்யாணத்தைத் தள்ளியே வைத்து, மலை ஏறி, குளிர்ந்த தண்ணீரில் கிடந்து பழகியதெல்லாம் ஒரு சொல்லில் முடிந்துவிடும். சொல் என்று ஒரு பக்கமும் சொல்லாதே என்று ஒரு பக்கமும் அவர் மனது இழுத்தது. எந்தப் பக்கமும் வாயைத் திறக்கத் தனக்கு யோக்கியதை இருப்பதாகப் படவில்லை.

“அவளக் கூப்டுங்க” என்றாள் ஜோதி.

விதி என்று டாக்டர் அம்மா மறுக்கவில்லை. தேவசகாயம் படிக்கட்டில் நின்று குரல் கொடுத்தார். சௌந்தர்யா இறங்கி வந்து, மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, உட்காராமல் நின்றாள். வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது.

“அங்கேர்ந்து எங்களாண்ட பேச முடியுமா?” என்றாள் ஜோதி.

“வாரத்துல ஒரு நாளு பேசலாம்மா.” சௌந்தர்யா அவசரமாகச் சொன்னாள். “ஆனா நெஜமாவே நிலாவுல இருக்குற மாதிரி வெச்சிருக்காங்க. நான் பேசுறது உனக்கு வந்து சேர ஒரு செகண்டுக்கு மேல ஆவும். நீ பேசுறது எனக்கு வர அதே மாதிரி. அதுக்குள்ள நீ இன்னொண்ணு பேசிட்டன்னா ரெண்டும் முட்டிக்கும். போன தபா போனவங்க வூட்லல்லாம் அதுதான் பெரிய பேஜாராம். கேக்குதா கேக்குதான்னே நேரம் போய்டுதாம்.”

ஜோதி யோசித்தாள்.

“சர்தார் பாஷா வூட்டு போனும் அப்டித்தான் இருந்துச்சு” என்றாள். “ஒண்ணு பேசிட்டு, மூச்ச உட்டுட்டு நிக்கணும். அப்பறமாத்தான் வரும். நடுவுல பேசக் கூடாது. எனக்குப் பழக்கம்தான் அது.”

தேவசகாயத்துக்கு அந்த இடைவெளி ஞாபகம் இருந்தது. அவர் சொல்லி முடித்ததும் அவருடைய குரலே ஒரு தரம் அவர் காதுக்குத் திரும்பி வரும். பிறகு ஒன்றும் இருக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மூச்சுவிட்டுக் காத்திருந்தது இப்போதுதான் அவருக்குக் கேட்டது.

“ஒண்ணே ஒண்ணு” என்று ஜோதி மகளிடம் சொன்னாள். “ஒடம்பு சரியில்லன்னா சரியில்லன்னு சொல்லணும். இருக்கப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லணும். நானும் அப்டியே சொல்றேன். நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு ரெண்டு பேரும் கத வுட வேணாம். இன்னா?”

சௌந்தர்யா தலையை ஆட்டினாள். டாக்டர் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பதினைந்து நாளில் தகவல் வந்தது. மகள் போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டது. ஐப்பசி முழுக்க அவள் பயிற்சியிலேயே இருந்தாள். கடைசியாக இரண்டு நாள் லீவில் வந்து, பெரும்பாலும் தூங்கினாள். ஜோதி அவளை எழுப்பவில்லை. கிளம்புகிற அன்று காட்பாடி ஸ்டேஷனில் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூர் ரயில் ஏறும்போது சௌந்தர்யா அப்பாவின் காதருகே வந்து, “ப்பா, அங்க ரெண்டு கதவுதான். ஒண்ணச் சாத்திட்டுத்தான் இன்னொண்ணு” என்றாள். அவர் சிரிக்க முயன்று, பிறகு கைக்குட்டையைத் தேடினார். ஜோதி அழவில்லை. ரயிலின் கடைசிப் பெட்டி போனதும், “வாங்க, பஸ்ஸுல கூட்டம் ஏறிடும்” என்று முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட் கிடைத்தது. ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். அதன் இடுக்கு வழியே சாரல் அடித்தது. வழக்கமாக இந்த நேரத்தில் ஏதாவது சொல்லி அவளைத் தேற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றும். இன்று அந்த இடுக்கில் கைக்குட்டையைச் செருகிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்த ஊர்ல மழ எப்டிங்க பேயும்?” என்றாள் ஜோதி.

“எந்த ஊர்ல? லடாக்குலயா?”

“நீங்க இருந்த ஊர்ல. நிலாவ உட்டுட்டு சொல்லுங்க.”

ஆறு வருடம் இருந்த ஊரைப் பற்றி இதுவரை யாருக்கும் எதுவும் சொன்னதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னதெல்லாம் இல்லாத ஊரைப் பற்றி. திரும்பி வந்தபோது மகளுக்குப் பத்து வயது, உண்மை தெரிந்துவிட்டிருந்தது. அதன் பிறகு யாரும் கேட்கவும் இல்லை.

“தகரக் கூரதான் எனக்கு” என்று மெதுவாக ஆரம்பித்தார். “ஆனி ஆடில புடிச்சா மூணு மாசம் உடாது. ஐஸ் கட்டி உழும் பாரு, பக்கத்துல பேசுறது கேக்காது. பக்கத்து வூட்டம்மா வாசல்ல ஒக்காந்து காப்பிக் கொட்டய வறுக்கும். மழ வாசனயும் அதுவும் சேந்து வர்றப்ப…”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் வேகம் குறைந்தது. பாலாற்றுப் பாலம்; வருடக்கணக்காக வெறும் மணலாகவே கிடக்கிற ஆறு. முன் சீட்டில் யாரோ ஷட்டரைத் தூக்கிவிட்டு, “தண்ணி போவுதுடா!” என்றார். அவ்வளவுதான், பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழுந்து ஒரு பக்கமாக வந்துவிட்டார்கள். பாலத்தின் ஓரம் நெடுக ஜனங்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் குடை பிடித்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே கரையிலிருந்து கரைவரை செம்மண் நிறத்தில் ஆறு, தூண்களைச் சுற்றி நுரை கக்கிக்கொண்டு, வேரோடு வந்த ஒரு முள் மரத்தைச் சுழற்றிச் சுழற்றி இழுத்துப் போயிற்று. டிரைவர் பஸ்ஸை உருட்டிக்கொண்டே போனார். கண்டக்டர் விசில் ஊதவில்லை. ஜோதி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, முகத்தில் அடிக்கும் மழையைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம், சொல்லுங்க” என்றாள், திரும்பாமலே.