புல் முளைத்த அஞ்சலி

காய்ச்சல் என்று படுத்த பிரவின் ஒரே வாரத்தில் போய்விட்டான். நெரவி ஊரிலிருந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள், பொழுதுக்கும் அறைக்குள்ளேயே கிடந்த பிள்ளைக்குக் கூட்டாளி ஏது என்று பேசிக்கொண்டார்கள். துக்க வீட்டில் பேசுகிறோமே என்ற கூச்சம்கூடக் கிடையாது. பெட்டியைத் தூக்க அவன் வயதுப் பையன் ஒருவன்கூட வரவில்லையே என்று அம்மா சலோமியும் சொல்லிச் சொல்லி அழுதாள். கூட்டாளிகள் போனுக்குள் இருக்கிறார்கள் என்று தங்கை ஜெனிஷா சொன்னபோது, அதெல்லாம் ஒரு கூட்டாளியா என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெனிஷா சொன்னது ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிற தமிழ்ப் பையன்களின் குழு. ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, சொந்தப் பெயரும் தெரியாது. பிரவினுக்கு அங்கே ஒனிகிரி என்று பெயர், சோற்றுருண்டையாம். ஜப்பான்காரர்கள் சிரிப்பை 'வராய்' என்பார்கள். ஆங்கில எழுத்தில் அது டபிள்யூவில் தொடங்கும்; இணையத்தில் சுருங்கி வெறும் டபிள்யூ ஆகிவிட்டது. வரிசையாக டபிள்யூ போட்டால் புல் முளைத்த மாதிரி இருக்கிறதென்று அதற்குப் புல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பையன்களும் எதற்கெடுத்தாலும் புல் வளர்த்தார்கள். அதோடு விட்டார்களா? விளையாட்டில் தோற்றவனுக்கும், நாலு நாள் தலைகாட்டாதவனுக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் செய்து போடுவார்கள்.

அண்ணன் சொல்லித் தந்ததால் ஜெனிஷாவுக்குப் புல் தெரியும். போஸ்டர் கூத்து தெரியாது. குழுவுக்குச் செய்தி சொல்ல வேண்டுமே என்று, முச்சந்தியில் கட்டியிருந்த பிளெக்ஸின் படத்தை அவன் கணக்கிலிருந்தே போட்டுவிட்டாள். கோட்டு சூட்டு ஒட்டிய பிரவின், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, கீழே முப்பதாம் நாள் பூசையின் தேதி.

போட்ட கையோடு டபிள்யூவாகக் கொட்டியது. ஒனிகிரி தனக்குத் தானே அஞ்சலி போட்டுக்கொண்டான், கோட்டு யாரிடம் இரவல், பூசைக்குப் பிரியாணி உண்டா என்று கேலி வேறு. திரை முழுக்கப் புல். ஜெனிஷாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவிகள், செத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்களே. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று, குழுவில் அப்போது ஓடிக்கொண்டிருந்த குரல் அழைப்பில் நுழைந்தாள். ஏழெட்டுப் பையன்களின் சிரிப்பு ஸ்பீக்கரில் வெடித்தது.

"வாடா ஒனிகிரி, பொணம் பேசுமாடா?" என்றான் ஒருவன்.

அவள் வாய் திறப்பதற்குள் சத்தம் கேட்டு சலோமி மகனின் அறைக்குள் வந்துவிட்டாள். பிரவின் எப்போதும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசுகிறவன். அந்த அறையில் இப்படியொரு சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. யார் என்று கேட்டாள். அண்ணனின் கூட்டாளிகள்தான் என்றாள் ஜெனிஷா. சலோமி போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தம்பிங்களா, நான் பிரவினோட அம்மா. நீங்கள்ளாம் நெசமாவே இருக்கீங்களாப்பா? எம்புள்ள யாருமில்லாம போயிட்டான்னு நெனச்சிட்டேன்."

சிரிப்பு அப்படியே அறுந்தது. நெசமாவா அம்மா என்று ஒரு குரல் கேட்டு, மேலே பேச முடியாமல் உடைந்தது.

"ஏம்ப்பா நிறுத்திட்டீங்க? சிரிங்க. அவனும் ஒங்களோட இப்புடித்தான் சிரிப்பானா?"

"தெனமும்மா," என்றான் ஒருவன், தேம்பிக்கொண்டே.

சலோமி மகனின் கட்டிலில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் பையன்களும் அழுதார்கள். திட்ட வந்த ஜெனிஷா அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழைப்பை யாரும் துண்டிக்கவில்லை.