லைன் வீட்டுக்கு அடியில்

சேர்வராயன் மலைக்கு மேல் சூரியன் தலைகாட்டுவதற்குள் வெள்ளைக்கல் சுரங்கக் குழியில் பாவாயி ஒரு கூடைக் கல்லைக் கொத்தி முடித்திருந்தாள். கல்லை இடது கையில் பிடித்து, ஒட்டியிருக்கும் கறுப்பைச் சுத்தியலால் தட்டிக் கழித்து, வெள்ளையை மட்டும் கூடையில் போட வேண்டும். தவறி அடித்தால் விரல் நசுங்கும். புருவத்திலும் மூக்கிலும் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது.

"இன்னைக்கும் கேட்டுதா அக்கா?" பக்கத்தில் கொத்திக்கொண்டிருந்த கந்தம்மாள் கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி.

"கேட்டுது. தண்ணி ஊத்திட்டுத்தான் வந்தேன்."

பாவாயியின் புருஷன் காளியப்பன் எமர்ஜென்சிக்கு முந்தின கோடையில் குழிச்சரிவில் புதைந்து செத்தவன். உடம்பை எடுத்தபோது வாயெல்லாம் வெள்ளைப் பொடி. ஒரு வாய்த் தண்ணீருக்கு எப்படித் தவித்தானோ என்ற நினைப்பு அவளை விடவே இல்லை. அதனால்தான் இந்த வருஷம் மாசியில் வீட்டுத் தரைக்கடியில் கடப்பாரைச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அவள் பயப்படவில்லை. வந்துவிட்டான் என்றுதான் நினைத்தாள். விடியலில் எழுந்ததும் தரை விரிசலில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். மற்ற வீடுகளிலும் சத்தம் கேட்டது. குழிக்கு ஆளைப் பறிகொடுக்காத வீடு அந்த லைனில் ஏது? ஆளாளுக்குச் சொம்பைத் தூக்கினார்கள்.

லைன், வெள்ளைக்காரக் கம்பெனி கட்டியது. குழியில் கழித்த கல்லை அடுக்கி, செம்மண் பூசி, நாட்டு ஓடு வேய்ந்த ஒற்றை அறைகள் வரிசையாக நிற்கும். வாசல்கள் எல்லாம் குழியைப் பார்த்தே இருக்கும். மணி அடித்ததும் எவன் வெளியே வருகிறான், எவன் வரவில்லை என்று குழிக்கு அந்தப் பக்கத்து மேட்டுப் பங்களாவின் தூண் வராந்தாவிலிருந்தே துரை பார்த்துக்கொள்ளலாம். காற்றுக்கு ஒரு ஜன்னல் வைக்க மனசு வராத மகராசன், கண்காணிக்க மட்டும் எவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருக்கிறான்! துரை கப்பலேறிப் போய்விட்டான். அதே நாற்காலியில் இப்போது மேனேஜர் உட்கார்ந்திருக்கிறார்.

குழியின் பக்கச் சுவரில் தார்ப்பாய் தொங்கவிட்டு மறைத்த ஒரு பொந்து இருந்தது. வெடிமருந்து இருக்கிறது, கிட்டே போகாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அன்று அந்தத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு மேச்சேரிப் பக்கத்துக் காண்ட்ராக்ட் ஆட்கள் வெளியே வந்தார்கள். தினமும் யார் கண்ணிலும் படாமல் அவர்களைக் கூட்டிப்போகும் மேஸ்திரியை அன்று காணோம். முன்னால் வந்த ரங்கன் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தான். தண்ணீர் சொட்டியது.

மழை பெய்து மாதக்கணக்காகிறது. பாவாயிக்கு ஆச்சரியம். "ஏஞ்சாமி, உள்ள ஊத்து ஏதாச்சும் இருக்குதா?"

"ஊத்து எங்கீங்க அக்கா? காஞ்ச பாறை. ஆனா தெனமும் விடியக்காலம் மேலருந்து ஒழுகுது. குழியில செத்தவிய அழுவறாங்கன்னு எங்காளுக பயந்து போய்க் கெடக்கறாங்க. கையில கயிறு மந்திரிச்சுக் கட்டிக்கிட்டுத்தான் எறங்கறோம்."

பாவாயி பொந்தைப் பார்த்தாள். அதற்கு நேர் மேலே மேட்டில் நின்ற லைனைப் பார்த்தாள். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"அது நான் ஊத்துன தண்ணி சாமி. நீங்க கொடையறது எங்கூட்டுத் தரைய."

ரங்கனுக்கு முகம் செத்துப்போயிற்று. "மேல வெறுங்கரடுன்னுதானுங்க சொன்னாங்க! ஊடு இருக்குதுன்னு தெரிஞ்சா கடப்பாரையத் தொட்டிருப்பமா?"

பாவாயிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வீடு போகப்போகிறதே என்றுகூட அப்போது தோன்றவில்லை. புருஷன் வரவே இல்லையே என்றுதான் அழுதாள். கந்தம்மாள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

லைன்காரர்களும் மேச்சேரி ஆட்களும் சேர்ந்தே பங்களா மேடேறினார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளைப் பொடியோடு வந்த கூட்டத்தைக் கண்டு மேனேஜர் ஒரு கணம் மிரண்டுதான் போனார்.

"என்னம்மா, வேலை நேரத்துல ஊர்வலம்?"

"எங்கூட்டுக்கு அடியில எதுக்குங்க கொடையறீங்க?" பாவாயி கேட்டாள்.

"நல்ல கல்லு அங்கதான் ஓடுது. வீடும் கம்பெனியோடது, நிலமும் கம்பெனியோடது. விரிசல் விட்டா காலி பண்ணிட்டுப் போங்க."

"எங்கீங்க போறது?"

"அது கம்பெனி பொறுப்பில்ல."

"ஊடு சரிஞ்சா நாங்க மேலருந்து உழுவோம், இவிய அடியில நசுங்குவாங்க. அதுக்கும் பொறுப்பில்லைங்களா?"

மேனேஜர் ரங்கன் பக்கம் திரும்பினார். "டேய், இவங்களுக்கும் உனக்கும் என்னடா சம்பந்தம்? நாளைக்கு நீ எறங்கலைன்னா லாரியில வேற ஆளுக வருவாங்க."

ரங்கன் கடப்பாரையை வராந்தாவில் கிடத்தினான். "வரட்டுங்க. நாங்க எறங்கறதில்ல."

மறுநாள் விடியலில் தரைக்கடியில் சத்தம் இல்லை. அந்த அமைதியைப் பாவாயியால் தாங்க முடியவில்லை. வெறும் சொம்பை எடுத்து, அப்படியே வைத்துவிட்டுக் குழிக்கு இறங்கினாள். பொந்தின் வாயை அடைத்துக்கொண்டு லைன்காரர்களும் மேச்சேரி ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் போய் உட்கார்ந்தாள்.

லாரி வந்தது. போலீஸைக் கூப்பிடுவேன் என்று மேஸ்திரி கத்தினான். கடப்பாரையோடு குதித்த புது ஆட்கள் ராசிபுரம் பக்கத்தவர்கள், பசித்த முகங்கள். அவர்களில் மூத்தவர் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கி நின்றார்.

பாவாயி எழுந்து நின்று மேட்டைக் காட்டினாள். "அதானுங்க எங்கூடு. இந்தப் பொந்து அதுக்கு அடியில போகுது. எங்கூட்டுக்காரர இந்தக் குழிதானுங்க தின்னுச்சு. இன்னும் யாரும் சாக வேண்டாமுங்க."

அவர் மேட்டைப் பார்த்தார். பொந்துக்குள் எட்டிப் பார்த்தார். மேஸ்திரி பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குத் திரும்பாமல் கடப்பாரையைக் கீழே கிடத்தினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஆத்தா," என்றார்.

பாவாயி நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கு இடம் விட்டாள்.