குறைந்தபட்ச வெப்பநிலை

“பெட்டிக்குள்ள என்ன, புறா வளக்கிறீங்களா?” என்று பக்கத்து மாடிவீட்டுக்காரர் ஒருமுறை அவளிடம் கேட்டார். அவள் தலையை ஆட்டிவைத்தாள். ஆமாம் என்றா, இல்லை என்றா என்பது அவளுக்கே தெரியாது. யார் எது கேட்டாலும் அந்த ஆட்டல்தான் அவளுடைய பதில். கொல்லையில் நான்கு கால்களில் நின்ற அந்த வெள்ளைப் பெட்டிக்குள், காற்றுப் போவதற்காகச் சாய்த்து அடித்த பலகைகளுக்குப் பின்னால், இரண்டு வெப்பமானிகள் படுத்திருந்தன. ஒன்று பகலின் உச்சச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மற்றது இரவு எவ்வளவு தூரம் குளிர்ந்தது என்று சொல்லும். காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் கதவைத் திறந்து, மூச்சு கண்ணாடியில் படாமல் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, தசமப் புள்ளி வரை படித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடம் ஞாயிறும் பார்க்காது, காய்ச்சலும் பார்க்காது.

வேலையும் அவளுடையதல்ல, அப்பாவுடையது. வானிலை அலுவலகத்தின் பகுதிநேரப் பார்வையாளர் அவர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை என்று கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். சர்க்கரை அவர் கண்ணைத் தின்ன ஆரம்பித்தபோது, “ஒரு வாரம் மட்டும் நீ பாத்துக்கோம்மா” என்றார். பள்ளிக்கூடப் பேருந்து எட்டு மணிக்கு. பெட்டி எட்டரைக்கு. அந்த ஒரு வாரம் இரண்டு வருஷமாயிற்று. ஒன்பதாம் வகுப்போடு அவள் நின்றாள். அம்மா இல்லாத வீட்டில் ஏன் என்று கேட்பதற்கு அத்தை ஒருத்திதான் இருந்தாள்.

“அண்ணே, பொண்ண அந்தப் பாதரசத்துக்கே கட்டிக் குடுத்துட்டியா? மாப்பிள்ளைக்குக் கோவம் ஏறத்தான் தெரியுது, இறங்கத் தெரியலையே!” என்பாள் வரும்போதெல்லாம்.

இந்த முறை கேலியோடு நிற்கவில்லை. கையில் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்திருந்தாள். படிப்பை விட்டவர்கள் நேராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத, அத்தையின் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. நாளைதான் கடைசி நாள். அப்பா கையெழுத்துப் போட்டால் மாலைப் பேருந்தில் அவளைக் கூட்டிப்போய்விடுவாள்.

“இன்னைக்கு ஆபீஸ்லேருந்து அதிகாரி வர்றாரு. பெட்டிய மூடலாமான்னு பாக்கத்தான். அவர் சொல்லட்டும், மூடிட்டா கூட்டிட்டுப் போ” என்றார் அப்பா.

மூடட்டும், மூடட்டும் என்று காலையிலிருந்து அவள் மனசு அடித்துக்கொண்டது. அப்பா துணியை எடுத்துக்கொண்டு போய், தெரியாத கண்ணோடு பெட்டியின் கால்களைத் தடவித் தடவித் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், அடித்துக்கொண்ட மனசின்மேல் அவளுக்கே வெறுப்பு வந்தது.

அதிகாரி மூன்று மணிக்கு வந்தார். ஒல்லியான மனிதர். வந்ததும் தண்ணீர்கூடக் கேட்காமல் அளவு நாடாவை விரித்தார். கிழக்கே குளம் இருந்த இடத்தில் மூன்று மாடி, வடக்கே மதில், மதிலுக்கு மேலே மாடிவீட்டு ஏசியின் வெளிப்பெட்டி. அதற்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு உதறிக்கொண்டார். பிறகு திண்டாடிப்போனவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினார்.

“பெரியவரே, முன்னாடியெல்லாம் எட்டை ஒரே இழுப்புல போட்டிருக்கீங்க. ரெண்டு வருஷமா ஒரு முட்டைக்கு மேல ஒரு முட்டையா வைக்கிறீங்க.”

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

“பரவால்ல. அதில்ல இப்ப விஷயம். பகல் சூடு கொஞ்சந்தான் ஏறியிருக்கு. ராத்திரிச் சூடுதான் இறங்கவே மாட்டேங்குது. சுத்துவட்டாரத்துல எல்லாப் பெட்டியும் அதையேதான் சொல்லுது. ஆனா உங்க பெட்டி ரெண்டு மடங்கு சொல்லுது. ஊரே காயுதா, உங்க கொல்லை மட்டும் காயுதா? எப்படிப் பிரிக்கிறது? இந்தக் கணக்கு செல்லாதுங்க. மூடிடலாம்.”

அத்தை விண்ணப்பத்தை மடியிலிருந்து எடுத்தாள்.

“அப்ப நான் எழுதினது எல்லாமே குப்பையா சார்?” என்றார் அப்பா. சத்தமாகக் கேட்கவில்லை. அதிகாரி இருந்த பக்கம் எது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

அவள் உள்ளே போனாள். ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களை யாருக்கும் தெரியாமல் நிரப்பி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். அப்பாவின் இருபத்தாறு வருஷம் குப்பையாகாமல் தப்பட்டும், பெட்டியையும் மூடட்டும். இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்றுதான் நினைத்தாள். நோட்டை அதிகாரியின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

குளத்தில் முதல் லாரி மண் விழுந்த தேதி அதில் இருந்தது. மதில் எழுந்த தேதி, தெருவுக்கு சிமெண்ட் போட்ட தேதி. “மாடிவீட்டில் ஏசி மாட்டினார்கள். இரவு முழுக்க ஓடுகிறது. குறைந்தபட்ச வெப்பநிலை 0.8 டிகிரி கூடுதல்.” அதற்குக் கீழே, “நேற்று விடிய விடிய மின்வெட்டு. ஏசி இல்லை. 0.7 குறைவு.” இப்படி நாற்பத்தொரு மின்வெட்டு இரவுகள்.

அதிகாரி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பாக்கெட்டிலிருந்து பென்சில் எடுத்தார். ஏதோ கழித்தார்.

“கரண்ட் இல்லாத ராத்திரியிலயும் பழைய அளவுக்கு இறங்கலை பாருங்க! பாதி பக்கத்து வீடு. மீதிப் பாதி பக்கத்து வீடு இல்ல.”

“பின்ன யாராம்?” என்றாள் அத்தை.

“கொதிக்கிற கடலும்மா, உலகத்துப் புகையும். குளமும் சிமெண்டும் அதுல ஒட்டிக்கிட்டு. எது எவ்வளவுன்னு பிரிக்க எங்ககிட்ட ஆள் இல்லை. இங்க ஒரு பொண்ணு உக்காந்து பிரிச்சுக்கிட்டிருக்கு.” அவர் முகம் பளபளத்தது. “இத எப்படி மூடறது? இந்தப் பெட்டி இப்படியே இருக்கட்டும். நீரேற்று நிலையத்து மைதானத்துல இன்னொரு பெட்டி வைப்போம். ரெண்டையும் ஒரே ஆள், ஒரே கண்ணு, அடுத்தடுத்துப் படிக்கணும். குறைஞ்சது அஞ்சு வருஷம். அப்பத்தான் பழைய கணக்கு எல்லாமே உயிரோட இருக்கும்.”

“எம் பொண்ணு பாத்துக்குவா சார்!” அப்பா எழுந்தே விட்டார். இரண்டு வருஷமாக அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. “ஒரு நாள் விட மாட்டா. என்னம்மா?”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், பார்க்க முடியாத அப்பாவும். அவள் தலை தானாக ஆடியது.

“சரிங்கிறா” என்றார் அதிகாரி அப்பாவிடம்.

மணி ஐந்து இருபத்தைந்து. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சே, படிங்க, நானும் பாக்கறேன்” என்றார். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். அத்தை தன்னைத் திட்ட மாட்டாளா என்றிருந்தது அவளுக்கு. கிறுக்கு, அசடு, உனக்கு நீயே குழி வெட்டிக்கிட்டியேடி என்று நாலு வார்த்தை சொன்னால்கூடப் போதும்.

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை நிதானமாக மாட்டிக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தை மறுபடி மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள். வெளியே போனதும் திரும்பி, கம்பிக் கதவை மெல்ல இழுத்து, கொக்கி சரியாக விழுந்ததா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு சிமெண்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.